ராகிக்கு எடுத்த டியூஷன்

ஐம்பத்து நான்கு வயதில், ஒரு அரங்கம் நிறைய விஞ்ஞானிகளுக்கு முன்னால் எழுந்து நின்று, "நான்தான் ஊத்தினேன் சார்" என்று ஒப்புக்கொண்டவன் நான். யாரும் என்னை அடிக்கவில்லை, மிரட்டவில்லை. நானாக எழுந்தேன், நானாகச் சொன்னேன். இது நடந்து இரண்டு வருடம் ஆகிறது. இன்றைக்கும் யாராவது என் கையில் ஒரு டம்ளர் தண்ணீரைக் கொடுத்து, "அந்தச் செடிக்குக் கொஞ்சம் ஊத்திடுங்களேன்" என்றால் எனக்கு உள்ளங்கை வேர்த்துவிடும்.

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். காக்ஸ் டவுனில் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் தலைமை எழுத்தர். மனைவி ரீட்டா, ஒரே மகள் பிரிசில்லா. இந்த மூன்றையும் தவிர எனக்கென்று இருக்கிற சொத்து, பயம். பிரிசி ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தபோது அவள் போகும் ஆட்டோவுக்குப் பின்னாலேயே நானும் ஸ்கூட்டரில் போவேன். நான்காம் நாள் ஆட்டோக்காரர் வண்டியை ஓரங்கட்டி, "ஏன் சார், நீங்களே கூட்டினு போயிடலாமே, எதுக்கு ரெண்டு வண்டி?" என்று கேட்டார். அவர் கேட்டது நியாயம்தான். ஆனால் நானே கூட்டிக்கொண்டு போனால், என் ஸ்கூட்டருக்குப் பின்னால் யார் வந்து பார்த்துக்கொள்வார்கள்?

அந்தப் பிரிசி வளர்ந்து, எம்.எஸ்ஸி. முடித்து, ஊரின் வடக்குக் கோடியில் இருக்கும் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் பிஎச்.டி. சேர்ந்தாள். என்ன ஆராய்ச்சி என்று கேட்டேன்.

"காட்மியம் டாடி. ராகிக்குக் காட்மியம் கொடுத்தா, அதோட ஜீன் எல்லாம் எப்படி ரியாக்ட் பண்ணுதுன்னு பாக்குறது."

"காட்மியம்னா?"

"விஷம்."

(ஒரு தகப்பனிடம் இப்படியா பட்டென்று சொல்வது?)

என் முகத்தைப் பார்த்துவிட்டு அவளே உட்கார்ந்து விளக்கினாள். சாக்கடையும் தொழிற்சாலைத் தண்ணீரும் ஏரியில் கலக்கின்றன. அந்தத் தண்ணீர் வயலுக்குப் போகிறது. அதில் இருக்கும் காட்மியம், ஈயம் மாதிரிக் கன உலோகங்களைச் செடி வேர் வழியாகக் குடித்துவிடுகிறது. "செடிக்குக் கால் இல்ல டாடி, ஓட முடியாது. நின்ன இடத்துலயே சமாளிக்கணும். சும்மா கெடந்த சில ஜீன்களை அது உடனே ஆன் பண்ணும். அந்த ஜீன்கள் ஒருவிதப் புரதத்தைச் செய்யும். அந்தப் புரதம் போய் உலோகத்தைப் புடிச்சுக் கட்டி ஒரு மூலையில பூட்டிடும்."

கீரை ஆய்ந்துகொண்டிருந்த ரீட்டா நிமிர்ந்தாள். "உங்க டாடியோட ஜோசப் அண்ணன் வந்தா நான் ஹாலோட நிறுத்திடுறேன்ல, கிச்சன் பக்கமே விடாம. அது மாதிரியா?"

"அதேதான் மம்மி! சில ராகி, காட்மியத்தை வேரோடயே நிறுத்திடும். தானியம் வரைக்கும் விடாது. அந்த வேலையை எந்த ஜீன் செய்யுதுன்னு கண்டுபுடிக்கணும்."

இப்படியாக என் மனைவி இரண்டு நிமிடத்தில் பிஎச்.டி. வாங்கினாள். எனக்கு 'விஷம்' என்ற அந்த ஒரு வார்த்தைக்குப் பிறகு எதுவுமே காதில் விழவில்லை. அடுத்த மூன்று வருடமும் அவள் வீட்டுக்குள் நுழையும்போதெல்லாம், "கைய கழுவினியாம்மா?" என்று கேட்பதே ஆராய்ச்சிக்கு என் பங்களிப்பாக இருந்தது. அத்தோடு நின்றிருக்கலாம்.

மூன்றாம் வருடம் மழைக்காலத்தில் பிரிசிக்கு டெங்கு வந்தது. மருத்துவமனையில் ஐந்து நாள். பிளேட்லெட் எத்தனை என்று நான் நர்ஸைக் கேட்ட கேள்வியில், கடைசியில் அந்தப் பெண் என்னைக் கண்டாலே, தூரத்திலேயே விரலால் எண்ணிக்கையைக் காட்டிவிட்டுப் போக ஆரம்பித்தாள். பிரிசியின் கவலை வேறாக இருந்தது. கண் திறக்க முடியாத காய்ச்சலிலும், "டாடி, மூணாவது செட்டு..." என்று முனகினாள்.

அவளுடைய சோதனை இதுதான். நெட்ஹவுஸ் என்று சொல்லப்படும் வலை போட்ட கொட்டகையில் சின்னச் சின்ன பிளாஸ்டிக் தொட்டிகளில் ராகி வளர்ப்பாள். பாதித் தொட்டிகளின் மண்ணில் காட்மியம் கலந்திருக்கும். அவற்றுக்குச் சிவப்பு டேக். மீதிப் பாதியில் ஒன்றும் கலக்காத நல்ல மண். அவற்றுக்குப் பச்சை டேக். இரண்டையும் ஒரே மாதிரி வளர்த்து, வேரையும் இலையையும் எடுத்து, எந்த ஜீன் எங்கே விழித்துக்கொண்டது என்று ஒப்பிட்டுப் பார்ப்பது. இதையே மூன்று முறை செய்ய வேண்டும். இரண்டு செட்டுகள் முடிந்துவிட்டன. மூன்றாவது நெட்ஹவுஸில் வளர்ந்துகொண்டிருக்கிறது. கூடப் படிக்கும் காவ்யா தன் அக்காவின் கல்யாணத்துக்கு ஹாசன் போய்விட்டாள். நெட்ஹவுஸைப் பார்த்துக்கொள்ளும் நாராயணப்பா நல்ல மனிதர், ஆனால் அவருக்குத் தெரிந்த ஒரே அளவு, பைப்பைத் திறப்பதும் மூடுவதும்தான்.

"நான் போறேன்மா" என்றேன்.

பிரிசி கண்ணைத் திறந்து அம்மாவைப் பார்த்தாள். அம்மா கூரையைப் பார்த்தாள். வேறு வழி இருக்கவில்லை. கைடு மேடத்துக்குப் போன் போட்டு அனுமதி வாங்கினோம். அந்த அம்மாள் மூன்று முறை சொன்னார், தண்ணீர் மட்டும், தண்ணீர் மட்டும், தண்ணீர் மட்டும்.

பிரிசியும் சொன்னாள். "வெள்ளைக் கேன்ல இருக்குற தண்ணி. தொட்டிக்கு ஒரு கப். செவப்பு, பச்சை எல்லாத்துக்கும் ஒரே அளவு. கிளவுஸ் போட்டுக்குங்க. வேற எதுவும் கொடுக்கக் கூடாது."

"வேற என்னம்மா கொடுக்கப் போறேன்? ராகிக்கு பிரியாணியா?"

மறுநாள் காலை ஏழு மணிக்கு நான் நெட்ஹவுஸில் ஆஜர். நாராயணப்பா கன்னடத்தில் 'வாங்க' என்று வரவேற்றார். "பன்னி சார், பன்னி. பிரிசில்லா மேடம் ஃபாதரா? நாஷ்டா ஆய்த்தா?" டிபன் ஆயிற்று என்றேன். அவர் டீ குடிக்கப் போய்விட்டார். நானும் செடிகளும் தனியாக நின்றோம்.

சிவப்பு டேக் செடிகளைக் குனிந்து பார்த்தேன். குட்டையாக, வெளிறி, தலை தொங்கி. கணக்குப் பரீட்சை எழுதிவிட்டு வெளியே வரும் பிள்ளைகள் மாதிரியே இருந்தன. பச்சை டேக் செடிகள் விறைப்பாக, பளபளவென்று, முதல் பெஞ்சுப் பிள்ளைகளாக நின்றன.

இங்கேதான் என் மூளை வேலை செய்தது. (வேலை செய்யாமல் இருந்திருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை.) முப்பது வருடம் மதிப்பெண் பட்டியல்களுக்கு நடுவே வாழ்ந்தவன் மூளை அது. நான் யோசித்த விதம் இப்படி: என் மகள் காட்ட வேண்டியது சிவப்புக்கும் பச்சைக்கும் உள்ள வித்தியாசம். சிவப்பு எப்படியும் தேறப் போவதில்லை. ஆனால் பச்சை இன்னும் கொஞ்சம் நன்றாக வளர்ந்தால்? வித்தியாசம் பெரிதாகும். வித்தியாசம் பெரிதானால் ஆராய்ச்சி ஜெயிக்கும். என் பெண் டாக்டர் பிரிசில்லா ஆவாள். இது எந்தப் பள்ளிக்கூடத்திலும் நடப்பதுதானே? தொண்ணூறு வாங்கும் பிள்ளையைத்தானே தொண்ணூற்றெட்டு வாங்க டியூஷன் அனுப்புகிறோம்?

டியூஷனுக்கான சரக்கும் என் ஸ்கூட்டர் பெட்டியில் தயாராக இருந்தது.

அந்தச் சமயத்தில் நான் செம்புத் தண்ணீருக்கு மதம் மாறியிருந்தேன். பூங்காவில் என்னோடு வாக்கிங் வரும் பெனடிக்ட்தான் ஞானஸ்நானம் கொடுத்தவர். செம்புப் பாட்டிலில் இரவு முழுக்க வைத்த தண்ணீரைக் காலையில் குடித்தால் வாயு போகும், மூட்டுவலி போகும், அவர் விவரித்த வேகத்தில் பார்த்தால் பாவமே போகும். பாட்டில் உள்ளே கறுத்துவிடாமல் இருக்க அவர் ஒரு முறையும் சொல்லிக்கொடுத்திருந்தார். வாரம் ஒருமுறை நெல்லிக்காய் அளவு புளியும் ஒரு பிடி கல்லுப்பும் போட்டு, தண்ணீர் ஊற்றி, இரவு முழுக்க ஊற வைக்க வேண்டும். நான் பயந்தவன் அல்லவா, தினமும் ஊற வைத்தேன். அதற்கென்றே இரண்டாவதாக ஒரு பாட்டில் வாங்கினேன். ஒன்று குடிக்க, ஒன்று ஊற. காலையில் ஊறிய பாட்டிலைத் திறந்தால் தண்ணீர் லேசாகப் பச்சையும் நீலமும் கலந்த ஒரு நிறத்தில் இருக்கும். பாட்டிலின் சத்தெல்லாம் இறங்கியிருக்கிறது, இதைச் சாக்கடையில் கொட்டுவது பாவம் என்று எனக்குத் தோன்றும்.

நாராயணப்பா டீக்குப் போயிருந்த அந்தப் பத்து நிமிடத்தில், பச்சை டேக் தொட்டி ஒவ்வொன்றுக்கும் அந்தச் சத்துத் தண்ணீரைக் கால் கப் ஊற்றினேன். யாரும் பார்க்கவில்லை. (டியூஷன் என்பதே பக்கத்து வீட்டுக்குத் தெரியாமல் அனுப்புவதுதானே.) சிவப்புக்கு ஒரு சொட்டு ஊற்றவில்லை. அந்த விஷயத்தில் நான் மிகவும் கறாராக இருந்தேன்.

ஐந்தாம் நாள் நாராயணப்பா பச்சை டேக் செடி ஒன்றைக் குனிந்து பார்த்தார். "ஏனு சார் இது, நுனியெல்லாம் மஞ்சளா ஆகுது?"

"வெயில்" என்றேன். வெளியே மூன்று நாளாக மழை.

பயம் பிடித்துக்கொண்டது. பிள்ளை பின்தங்குகிறது. இந்த நிலையில் பெற்றோர் என்ன செய்வார்களோ அதையே நானும் செய்தேன். டியூஷன் நேரத்தைக் கூட்டினேன். கால் கப், அரை கப் ஆனது.

ஒன்பது நாள் இப்படி ஓடியது. பத்தாம் நாள் பிரிசி மெலிந்த உடம்போடு ஆட்டோவில் போய், செடிகளை எடுத்து, வேரையும் இலையையும் புகை பறக்கும் திரவ நைட்ரஜனில் போட்டு உறைய வைத்தாள். பச்சைச் செடிகள் கொஞ்சம் டல்லாக இருப்பதாகச் சொன்னாள். "நீ இல்லாத ஏக்கம்மா" என்றேன். சிரித்தாள்.

இரண்டு மாதம் கழித்து முடிவுகள் வந்தபோது அவள் சிரிக்கவில்லை.

விஷமே படாத பச்சைச் செடிகளில், விஷம் பட்டால் மட்டும் விழிக்க வேண்டிய ஜீன்கள் கொட்டக் கொட்ட விழித்துக்கொண்டிருந்தன. உலோகத்தைப் பிடித்துக் கட்டும் அந்தப் புரதத்துக்கான ஜீன், பச்சை டேக்கில் சிவப்பைவிடச் சத்தமாகக் கத்திக்கொண்டிருந்தது. ஒன்றாம், இரண்டாம் செட்டில் இப்படி இல்லை. மூன்றாவதில் மட்டும்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் ஐந்து மாதம் சிரிப்புச் சத்தம் இல்லை. டேக் மாறிவிட்டதா என்று சோதித்தாள். ஃப்ரீசரைச் சந்தேகப்பட்டாள். தண்ணீர் வடிகட்டியைக் கழற்றிப் பார்த்தாள். காவ்யா அவசரத்தில் காட்மியம் சிந்திய கையோடு பச்சைத் தொட்டியைத் தொட்டிருப்பாளோ என்று கேட்டு, அந்தப் பெண் அழுது, இரண்டு பேருக்கும் பேச்சு நின்றது. என்னையும் கேட்டாள்.

"டாடி, நல்லா யோசிச்சு சொல்லுங்க. உரம் ஏதாவது போட்டீங்களா?"

"சத்தியமா இல்ல."

"மருந்து?"

"பைபிள் மேல சத்தியமா இல்ல."

"வேற எதாவது?"

"தண்ணி. வெறும் தண்ணி."

நான் பொய் சொல்லவில்லை. என் கணக்கில் அது தண்ணீர். வீட்டுக்கு வந்தவருக்கு என்ன கொடுத்தீர்கள் என்று கேட்டால், தண்ணீரையா சொல்வோம்? ஒன்றும் கொடுக்கவில்லை என்றுதானே சொல்வோம்? மகளின் கஷ்டம் தீர வேண்டும் என்று ஒன்பது வாரம் மாதா கோவிலுக்குப் போய் மெழுகுவத்தி ஏற்றினேன். மாதா என்னை எந்த முகத்தோடு பார்த்துக்கொண்டிருந்தாரோ, தெரியவில்லை. அந்த ஒன்பது வாரமும் கையில் செம்புப் பாட்டில் இருந்தது.

ஆய்வேட்டைக் கொடுப்பதற்கு முன்னால், எல்லோர் முன்னிலையிலும் தன் வேலையை விளக்கிப் பேச வேண்டும். கொலோக்கியம் என்கிறார்கள். யார் வேண்டுமானாலும் வரலாம், கேட்கலாம். வெளியூரிலிருந்து ஒரு பேராசிரியர் வந்து குடைந்து குடைந்து கேட்பார். இது போதாது என்று அவர் சொல்லிவிட்டால் எல்லாவற்றையும் மறுபடி செய்ய வேண்டும். உதவித்தொகை முடிய அப்போது அவளுக்குச் சில மாதங்களே பாக்கி.

நானும் ரீட்டாவும் போனோம். கல்யாணக் கோட்டைப் போட்டுக்கொண்டேன். (அது என் கல்யாணக் கோட்டு. பட்டன் போட வேண்டாம் என்று ரீட்டா உத்தரவிட்டிருந்தாள்.) சினிமா கொட்டகை மாதிரி படிப்படியாக இறங்கும் அரங்கம். மேலே நடுவில் உட்கார்ந்தோம். மடியில் பாட்டில்.

பிரிசி நன்றாகப் பேசினாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை, அதனால்தான் நன்றாகப் பேசினாள் என்று தெரிந்தது. முக்கால் மணி நேரம் கழித்து அந்தப் பேராசிரியர் கையைத் தூக்கினார். கோயம்புத்தூர்ப் பக்கத்து மனிதர், வெள்ளைத் தாடி, மெதுவான இங்கிலீஷ். மூன்றாவது செட்டில் ஏன் இப்படி என்று கேட்டார்.

காரணம் கண்டுபிடிக்க முடியவில்லை என்று பிரிசி ஒப்புக்கொண்டாள். அவர் விடவில்லை. உன் பச்சைச் செடியே சுத்தமில்லை என்றால், முதல் இரண்டு செட்டுகளை மட்டும் நான் எதை வைத்து நம்புவது என்றார். குரலை உயர்த்தாமல் கேட்டார். அதனாலேயே பயமாக இருந்தது. பிரிசியின் குரல் மெலிந்துபோனது. பள்ளி மேடையில் பாட்டு மறந்துபோன ஐந்து வயதில் அவளுக்கு இருந்த அதே குரல். மூன்று வருடம். அந்த மூன்று வருடமும் அப்போது அவள் கையிலிருந்து நழுவிக்கொண்டிருந்தது.

"ஒரு விஷயம் மட்டும் தெரியும் சார்" என்று சொல்லி அடுத்த படத்தைப் போட்டாள். செடிகளை எரித்துச் சாம்பலாக்கி என்னென்ன உலோகம் இருக்கிறது என்று வெளியில் கொடுத்துச் சோதித்திருந்தாளாம். முடிவு இரண்டு நாள் முன்னால்தான் வந்ததாம். பச்சைச் செடிகளில் காட்மியம் இல்லவே இல்லை. ஆனால் வேறு ஓர் உலோகம் எக்கச்சக்கமாக இருக்கிறது. திரையில் ஒரே ஒரு கம்பம் மற்றவற்றைவிடப் பல மடங்கு உயரமாக நின்றது. அதன் கீழே ஒரு வார்த்தை. காப்பர்.

செம்பு.

என் மடியிலிருந்து பாட்டில் நழுவியது. முதல் படியில் டங். இரண்டாவது படியில் டங். யாரும் பிடிக்கவில்லை. அது நிதானமாக, ஒவ்வொரு படியாக, அத்தனை தலைகளும் திரும்பிப் பார்க்க, டங் டங் என்று இறங்கிப் போய், அந்தப் பேராசிரியரின் ஷூவில் முட்டி நின்றது.

அவர் குனிந்து எடுத்தார். பாட்டிலைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். மறுபடி பாட்டிலைப் பார்த்தார். ஏதோ தற்செயல் என்று நினைத்துப் புன்னகையோடு, யாருடையது என்று கேட்டார்.

என்னுடையது என்று சொல்லி வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். ரீட்டா என் கோட்டுக் கையைப் பிடித்துக் கீழே இழுத்தாள். அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. (இரண்டு நிமிட பிஎச்.டி.) "உக்காருங்க, வீட்ல பேசிக்கலாம்" என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு. ஆனால் கீழே மேடையில் என் பெண் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். அவள் ஒழுங்காகத்தான் செய்திருக்கிறாள் என்று அந்த அரங்கத்தில் சாட்சி சொல்லக்கூடிய ஒரே ஆள் நான்.

எழுந்தேன். விஞ்ஞானிகள் முன்னால் இங்கிலீஷில் பேசுவதே மரியாதை என்று நினைத்து, "சார், ஐ யாம் தி காப்பர்" என்றேன்.

அரங்கம் சிரிப்பில் வெடித்தது.

பேராசிரியர் கையமர்த்தினார். "தமிழ்லயே சொல்லுங்க."

"நான்தான் ஊத்தினேன் சார். அவ டாடி."

"எதுக்கு ஊத்துனீங்க?"

"பச்சை டேக் எல்லாத்துக்கும் சார்."

"செவப்புக்கு?"

"ஊத்தல சார். அதுங்க ஏற்கெனவே..."

"ஏற்கெனவே?"

"ஃபெயில் சார்."

மேடையில் பிரிசி இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டாள். தமிழ் தெரியாதவர்களுக்குப் பக்கத்தில் இருந்தவர்கள் கன்னடத்திலும் இங்கிலீஷிலும் மொழிபெயர்த்துக்கொண்டிருந்தார்கள். அதனால் ஒவ்வொரு பதிலுக்கும் இரண்டு முறை சிரிப்பு வந்தது. முதலில் முன்வரிசை, அப்புறம் பின்வரிசை.

"எத்தனை நாளுங்க?"

"ஒம்போது நாள் சார். மொதல்ல கால் கப். நுனி மஞ்சளானதும் அரை கப்."

"மஞ்சளான பொறவு ஏத்துனீங்களா?"

"மார்க் குறைஞ்சா டியூஷன் ஏத்துவோம்ல சார்."

அவர் தாடியைத் தடவினார். சிரிப்பை அடக்கத்தான் என்று இப்போது தெரிகிறது. "வெறும் தண்ணியச் செம்புல வெச்சா இத்தனை எறங்காதுங்களே. வேற என்ன போட்டீங்க?"

"புளி சார். ராத்திரி முழுக்க ஊற வெச்சு..."

கைடு மேடம் பேனாவைக் கீழே வைத்தார்.

"உப்பு?"

"கொஞ்சமா. ஒரு பிடி. கல்லுப்பு."

பின்வரிசையில் ஒரு பையன் நாற்காலியோடு சரிந்தான். பேராசிரியர் பிரிசியின் பக்கம் திரும்பினார். "ஏம்மா, செம்பு, உப்பு, புளிப்பு. மூணு கஷ்டத்தையும் ஒரே நேரத்துல உங்கப்பா கொடுத்திருக்காரு. நாங்க செய்யணும்னா ஒரு ப்ராஜெக்ட் எழுதி, அனுமதிக்குக் காத்துக் கெடக்கோணும்." பிறகு சிரிப்பை நிறுத்தினார். "ஒண்ணு நல்லாத் தெரியுது. உன் முறையில தப்பில்ல. ஒளிச்சு ஊத்துனதக்கூட அது புடிச்சுக் குடுத்துருக்குது. மொத ரெண்டு செட்ட நான் நம்பறேன். மூணாவத மட்டும் திரும்பப் போடு."

பிரிசி முகத்திலிருந்து கையை எடுத்தாள். மைக்கைச் சரிசெய்தாள். "நன்றி சார்" என்றாள். பிறகு அரங்கத்தைப் பார்த்து, உறவினர் அல்லாதவர்களிடமிருந்து வேறு கேள்வி உண்டா என்று இங்கிலீஷில் கேட்டாள். அதற்குத்தான் அன்றைக்கு மிகப் பெரிய கைதட்டல்.

வெளியே காபி கொடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் ஒரு தூணுக்குப் பின்னால் நின்றேன். ரீட்டா வந்து, "வீட்டுக்கு வாங்க, உங்களுக்கு இருக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். பிரிசி வந்து என் தோளில் தலையைச் சாய்த்தாள். உடம்பு குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்து எனக்கும் கண் கலங்கியது. நிமிர்ந்தபோதுதான் தெரிந்தது, மூச்சுவிட முடியாமல் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அஞ்சு மாசம் டாடி. ஃப்ரீசரைச் சந்தேகப்பட்டேன். காவ்யாவைச் சந்தேகப்பட்டேன். எனக்கு வேலையே தெரியலையோன்னு என்னையே சந்தேகப்பட்டேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "உங்கள மட்டும்தான் சந்தேகப்படல."

அந்த ஒரு வாக்கியம் என்னை இன்றும் விடவில்லை. மற்றதெல்லாம் சிரிப்பாகிவிட்டது.

காவ்யாவிடம் இரண்டு பேரும் போய் மன்னிப்புக் கேட்டோம். ஒரு பெரிய பிளம் கேக்கும் கொண்டுபோனேன். அவள் அதை வாங்கிக்கொண்டு, "அங்கிள், இதுல நீங்க எதுவும் சேர்க்கலையே?" என்று கேட்டாள். பாட்டில்கள் இரண்டையும் பிரிசி எடுத்துக்கொண்டு போய் எந்திரத்தில் சோதித்தாள். வெறும் தண்ணீர் வைத்த பாட்டிலில் பயப்படும்படி ஒன்றும் இல்லை. புளி ஊறிய பாட்டிலில் எந்திரமே திணறி, தண்ணீர் சேர்த்து, மறுபடி சேர்த்து, பிறகுதான் அளக்க முடிந்ததாம். அந்த முடிவைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டாள். ஜோசப் அண்ணன் ஒரு கைகூப்பும் படம் அனுப்பினார்.

மூன்றாவது செட்டைப் புதிதாக வளர்த்தாள். பச்சைச் செடிகள் இந்த முறை நிம்மதியாகத் தூங்கின. ஒரு நாள் அவளுக்குச் சாப்பாடு கொடுக்கப் போன என்னை நாராயணப்பா கேட்டிலேயே நிறுத்தினார். "ஒளகே பேடா சார். மேடம் ஆர்டர். நீங்க இங்கயே இருங்க, நான் டீ கொண்டு வரேன்." அந்த டீயை நான் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று குடித்தேன். என் செட்டும் வீணாகவில்லை. செம்புக்கும் சேர்ந்து கத்துகிற ஜீன் எது, காட்மியத்துக்கு மட்டும் வாய் திறக்கிற ஜீன் எது என்று பிரித்துப் பார்க்க அது கொஞ்சம் உதவியதாம். அவர்கள் ஆய்வகத்தில் அதற்கு 'டாடி செட்' என்று பெயர்.

பிரிசி டாக்டராகிவிட்டாள். இப்போது தார்வாடில் வேலை. எங்கள் சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் இந்தக் கதை தெரியும். தெரியாதவர்களுக்கு ரீட்டா பாட்டில் உருண்ட சத்தத்தோடு சொல்லிக் காட்டுகிறாள். படிக்குப் படி.

போன மாதம் என் தம்பி மகள் பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சைக்கு முந்தின வாரம் வந்தாள். எங்கள் வீட்டில் பரீட்சைக்குப் போகும் பிள்ளைகள் பெரியவர்களிடம் வந்து ஜெபம் வாங்கிக்கொண்டு போவது வழக்கம். முட்டி போட்டு உட்கார்ந்தாள். நான் அவள் தலைமேல் கையை வைத்தேன். கண்ணை மூடப் போன சமயம் அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"பெரியப்பா, ஜெபம் மட்டும் போதும். வேற எதுவும் கொடுத்துடாதீங்க."